எந்தத் தேதி?

(தியாகராய நகரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பரவாயில்லை. முப்பத்து மூன்று வருஷம் ஒரு நகராட்சியில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் மன்றப் பிரிவில், அதாவது கவுன்சிலர்கள் பேசுவதை எழுதி வைக்கும் சீட்டில். இதைவிட மோசமான மைக்கையெல்லாம் பார்த்தாயிற்று.

நான் வந்த பஸ் உஸ்மான் சாலையில் ஏறின உடனேயே நின்றுவிட்டது. இறங்கி நடந்து வந்தேன். நடக்கும்போதுதான் பெயர்ப் பலகை கண்ணில் படும். உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை, டாக்டர் நாயர் சாலை. ஷேர் ஆட்டோக்காரரிடம் தினமும் சொல்கிற பெயர்கள்தான், ஆட்கள் யார் என்று யோசிப்பதில்லை. சர் முகம்மது உஸ்மான் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர். 1934-ல் சில மாதம் இந்த மாகாணத்துக்கே தற்காலிக ஆளுநர். ஜி.என். செட்டி என்கிற நாராயணசாமி செட்டியும் மாநகராட்சித் தலைவராக இருந்தவர்தான். டாக்டர் நாயர் 1904-ல் மாநகராட்சி உறுப்பினராகிப் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவர். இத்தனை பேருக்கும் மேலே, ஊருக்கே பெயர் கொடுத்த பிட்டி தியாகராயர். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுப்பிய இந்தப் பேட்டையே ஒரு கவுன்சிலர் கூட்டம் மாதிரி இருக்கிறது. புடவை வாங்க வருகிறவர்களுக்கு இது தெரியவேண்டிய அவசியம் இல்லை. நமக்குத் தெரிந்திருக்கலாம்.

உள்ளாட்சியில் ஒரு கவுன்சிலரின் வாழ்க்கை என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கவுன்சிலர் என்றதும் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "அடுத்து எம்.எல்.ஏ. சீட்டா?" என்பதுதான். கவுன்சிலராகவே ஒருவர் இருந்து கிழவராகிவிட்டால், பாவம், முன்னுக்கு வரவில்லை என்கிறோம். தியாகராயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1882-ல் மாநகராட்சிக்குள் போனார். வைஸ்ராய் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சித் தீர்மானம், அதாவது உள்ளூர் நிர்வாகத்தை உள்ளூர்க்காரர்களிடம் விடலாம் என்ற தீர்மானம், போட்ட அதே வருஷம். அதிலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டு அங்கேதான் இருந்தார். அவர் உறுப்பினரானபோது ரிப்பன் மாளிகையே கிடையாது. மாநகராட்சி எர்ரபாலு செட்டித் தெருவில் இருந்தது. ஏழரை லட்ச ரூபாயில் கட்டிய வெள்ளைக் கட்டடம் திறந்தது 1913-ல். அதுவரை முப்பது வருஷம் பழைய கட்டடத்தில் படியேறியிருக்கிறார். அந்தக் காலத்தில் தலைவர் நாற்காலியில் அரசாங்கம் நியமித்த அதிகாரிதான் உட்காருவார். 1919-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தது. 1920-ல் அப்படி முதலில் உட்கார்ந்தவர் தியாகராயர். முப்பத்தெட்டு வருஷம் பெஞ்சில் இருந்துவிட்டு நாற்காலி!

அதே வருஷக் கடைசியில் மாகாணத் தேர்தலில் அவருடைய நீதிக் கட்சி ஜெயித்தது. முதல் மந்திரியாக வரச்சொல்லி ஆளுநர் வெலிங்டன் கூப்பிட்டார். இவர் மாட்டேன் என்றார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். கட்சிக் காரணங்கள் இருந்திருக்கும். அந்த நாற்காலியை விட்டுப் போக மனசு வரவில்லை என்பது என்னுடைய யூகம், அவ்வளவுதான்.

அவரை ரொம்பவும் தூக்கி வைத்துப் பேசவும் நான் வரவில்லை. அன்றைக்கு ஓட்டு என்பது வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும். கூலிக்காரருக்கு ஓட்டே இல்லாத மன்றம் அது. மன்றத்துக்குள் அவரும் டாக்டர் நாயரும் எலியும் பூனையுமாக இருந்தார்கள். நடேச முதலியார் நடுவில் புகுந்து இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்ததில்தான் 1916 நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அதாவது அந்த நீதிக் கட்சி, பிறந்தது. பிற்காலத்து அரசியல் முழுக்க அந்த மரத்தின் கிளை. அது பெரிய கதை, வேறு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். எனக்கு வேண்டியது ஒரு அணா, ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு.

1920 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்துக்கு ஒரு பொருள் வருகிறது. ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு மத்தியானம் சாப்பாடு போடவேண்டும். தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல். தியாகராயர் சொன்ன காரணம் என்னவென்றால், அங்கே வருவது ஏழைப் பிள்ளைகள், வறுமையால் பள்ளிக்கு வருகிற எண்ணிக்கை குறைகிறது. தர்மம், கருணை என்றெல்லாம் ஆரம்பிக்காமல் வருகைப் பதிவேட்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறார் பாருங்கள். மன்றக் குறிப்பு எழுதினவனுக்கு அந்த "மிகாமல்" என்ற வார்த்தையின் அருமை தெரியும். அந்த ஒரு வார்த்தை இருந்தால் கணக்குப் பிரிவு கையெழுத்துப் போட்டுவிடும், தணிக்கைக்காரர் வாயைத் திறக்க மாட்டார். அது இல்லையென்றால் கோப்பு மேஜைக்கு மேஜை அலையும். நாற்பது வருஷம் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வார்த்தை எழுதும்போதே கைக்கு வந்துவிடும்.

பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது நீண்டது. 1922-23-ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-ல் 1,671. சரி, அப்புறம்? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக்கூடாது என்று அரசாங்கம் மறுத்துவிட, 1925-ல் திட்டம் நின்றது. அதே 1925 ஏப்ரல் கடைசியில் தியாகராயரும் போய்விட்டார். பின்னால் அந்தச் சாப்பாடு திரும்ப வந்ததும், காமராஜர், எம்.ஜி.ஆர். காலத்தில் மாநிலம் முழுக்கப் பரவியதும் உங்களுக்குத் தெரியும். அதற்கெல்லாம் முன்னால் ஒரு பள்ளி, ஒரு வார்டு, ஒரு அணா.

மதுரைக்கு வருகிறேன். 1997. வில்லாபுரம். லீலாவதி என்ற பெண். கைத்தறி நெசவு செய்து பிழைத்தவர், ஜனநாயக மாதர் சங்கத்தில் வேலை செய்தவர். 1996 அக்டோபர் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் மதுரை மாநகராட்சிக்கு ஜெயித்தார். அந்தப் பகுதியில் குழாயில் தண்ணீர் வராது, லாரியில் வருகிற தண்ணீரைக் குடம் இவ்வளவு என்று காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். தண்ணீர் விற்பதும் ஒரு தொழிலாக, அதற்கு ஆட்களும் காவலுமாக இருந்தது. லீலாவதி மாநகராட்சிக் குடிநீரைக் கொண்டுவரப் பாடுபட்டார். 1997 ஏப்ரல் 23, பட்டப்பகலில், அவருடைய வார்டுத் தெருவிலேயே வெட்டிக் கொன்றார்கள். கவுன்சிலராக இருந்தது ஆறு மாதம்.

தியாகராயரும் நெசவுக் குடும்பத்துக்காரர்தான், விசைநாடாத் தறியை இங்கே பரப்பியவர்களில் ஒருவர். ஒருவருக்கு நாற்பது வருஷம், இன்னொருவருக்கு ஆறு மாதம். சர் பட்டமும் இல்லாமல், நகருக்குப் பெயரும் இல்லாமல், ஒரு குடிநீர்க் குழாய்க்காக உயிர் போகும் என்றால் அந்தப் பதவி சின்னப் பதவியா? எனக்கு அந்தச் செய்தி வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் நகராட்சியிலும் புதிதாக வந்த பெண் கவுன்சிலர்கள் இருந்தார்கள். அடுத்த மன்றக் கூட்டத்தில் இரங்கல் தீர்மானம், எழுந்து நின்று ஒரு நிமிஷம். குனிந்த தலைகளில் சிலது பயத்தில் குனிந்திருந்தது.

அந்தப் பெண்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆசை. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. முதல் கூட்டத்துக்கு அந்த அம்மாவின் வீட்டுக்காரர்தான் முன்னால் வந்தார், நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டார். தலைவர் பார்க்காத மாதிரி இருந்தார். நான்தான் போய், "ஐயா, பார்வையாளர் பெஞ்ச் பின்னால" என்றேன். முறைத்தார், ஆனால் எழுந்தார். மூன்று கூட்டம் அந்த அம்மா வாயே திறக்கவில்லை. எங்கள் மன்றத்தில் பெரும்பாலும் "ஆல் பாஸ்"தான். அறுபது பொருளை அரைமணியில் முடித்துவிட்டு பிஸ்கட், டீ.

நாலாவது கூட்டத்தில் எழுந்தார். கையில் நாற்பது பக்க ஸ்கூல் நோட்டு. கணக்கு நோட்டு மாதிரி கோடு போட்டு, மின்கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கிற எண், தெரு, எந்த நாளிலிருந்து எரியவில்லை என்று வரிசையாக எழுதியிருந்தார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாமியாரைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து எழுதினதாம். பதினேழு கம்பம். ஒவ்வொன்றாக வாசித்தார். சபையில் சிரிப்பு. தலைவர் வழக்கம்போல, "ஆவன செய்யப்படும்" என்றார். நான் அதை எழுதிவிட்டுப் பேனாவை மூடப்போனேன்.

"எந்தத் தேதி?" என்றார் அந்த அம்மா.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எப்படிக் குறிப்பில் எழுதுவது என்றே எனக்குப் புரியவில்லை. தலைவர் ஆணையரைப் பார்த்தார், ஆணையர் பொறியாளரைப் பார்த்தார், பொறியாளர் உதவிப் பொறியாளரைப் பார்த்தார், உதவிப் பொறியாளர் லைன்மேனைத் தேடினார், லைன்மேனுக்கு மன்றக் கூடத்துக்குள் என்ன வேலை? கடைசியில் "பதினைந்து நாளில்" என்றார்கள். "உறுப்பினர் தேதி கோரினார், பதினைந்து நாட்களுக்குள் எனப் பதிலளிக்கப்பட்டது" என்று எழுதினேன். அடுத்த கூட்டத்தில் முந்தைய கூட்டக் குறிப்பை உறுதி செய்யும்போது அது திரும்பவும் சபைக்கு வந்தது. பதினேழில் பதினொன்று எரிந்திருந்தது. மீதி ஆறும் நோட்டில் இருந்தது. அதற்குப் பிறகு ஒப்பந்ததாரர்கள் அந்த வார்டில் எஸ்டிமேட் போடும்போது கொஞ்சம் யோசித்தார்கள். ரோடு போட்டால் கனத்தை அந்த அம்மா ஸ்கேல் வைத்துப் பார்ப்பார் என்று ஒரு பேச்சு. நான் பார்த்ததில்லை, ஆனால் அந்தப் பேச்சு இருந்ததே போதுமாக இருந்தது.

2001-லும் ஜெயித்தார். இரண்டாவது தடவையில்தான் வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார். வருவாய் நிதி, குடிநீர் நிதி, கல்வி நிதி என்று தனித்தனியாக இருக்கும், ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடமுடியாது. தியாகராயரின் சோறு இடறி விழுந்த அதே கல். ஐந்து வருஷம் ஆகும் அது புரிய. புரிந்த நேரத்தில் 2006 வந்தது, இட ஒதுக்கீடு சுழற்சியில் வார்டு மாறிவிட்டது. அந்த அம்மாவுக்கு நிற்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. சுழற்சி தப்பு என்று சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் அவர் உள்ளேயே வந்திருக்க மாட்டார். ஆனால் பத்து வருஷப் படிப்பு ஒரு அரசாணையில் வீட்டுக்குப் போயிற்று.

இது தனி ஆளுக்கு நேர்ந்தது. மன்றத்துக்கே நேர்ந்ததும் உண்டு. 1688-ல் ஆரம்பித்த சென்னை மாநகராட்சியில், மஸ்டர் ரோல் ஊழலுக்குப் பிறகு 1973-ல் மன்றத்தைக் கலைத்தார்கள். இல்லாத ஆட்கள் பெயரில் கூலி எழுதிய ஊழல், கலைத்ததைக் குறை சொல்லமுடியாது. ஆனால் மறுபடி தேர்தல் நடந்தது 1996-ல். இருபத்து மூன்று வருஷம் தலைநகரத்தில் கவுன்சிலர் என்ற இனமே கிடையாது. அப்புறம் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, நகர்ப்புறத்துக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல். நடுவில் தனி அலுவலர்கள். 2015 வெள்ளத்தில் கவுன்சிலரைத் திட்டினவர்கள், அடுத்த மழைகளில் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் தவித்தார்கள்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எல்லோர் மனசிலும் அதுதான் ஓடுகிறது. ரொம்ப நாள் கூட்டத்துக்கு வந்தால் படி, அவ்வளவுதான். 2023 ஜூலையிலிருந்துதான் மதிப்பூதியம் என்று மாதம் மாநகராட்சி உறுப்பினருக்குப் பத்தாயிரம், நகராட்சி உறுப்பினருக்கு ஐந்தாயிரம். தேர்தலில் அவர்கள் செலவழித்ததையும் இதையும் நீங்களே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒப்பந்ததாரர் எப்போது உள்ளே வருகிறார் என்பது அந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் தெரியும்.

அந்த அம்மாவைப் போன வருஷம் பார்த்தேன். 2022 நவம்பரிலிருந்து பகுதி சபைக் கூட்டம் என்று நடத்துகிறார்களே, சொந்த ஊருக்குப் போயிருந்தபோது சும்மா எட்டிப் பார்த்தேன். சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி. இப்போதைய கவுன்சிலர் சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. கடைசி வரிசையில் வெள்ளை முடியும் நோட்டுமாக அந்த அம்மா. எல்.இ.டி. விளக்கு வந்தாயிற்று, கம்பத்து எண் மட்டும் மாறவில்லை போலிருக்கிறது. மூன்று எண் வாசித்தார். அந்தப் பெண் மரியாதையாக, "பாத்துச் செய்யச் சொல்றேம்மா" என்றது.

"எந்தத் தேதி?"

பெண் அதிகாரியைப் பார்த்தது. அதிகாரி சாமியானாவைப் பார்த்தார். பிறகு பெண் தன் போனை எடுத்து என்னவோ தட்டிவிட்டு, "வர்ற வெள்ளிக்கிழமை" என்றது. அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எரியவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு எரிந்ததாகப் போனில் சொன்னார்.