மாங்கொட்டையில் வளர்ந்த மரம் ஏன் தாய்மரத்தின் பழத்தைத் தருவதில்லை?

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி ஒரு மாமரத்தைப் பற்றியது. நல்ல இமாம்பசந்து பழம் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, அதன் கொட்டையைத் தம் தோட்டத்தில் ஊன்றியிருக்கிறார் ஒரு நேயர். எட்டாம் ஆண்டில் மரம் காய்த்தது. ஆனால் பழம் நாரும் புளிப்புமாக இருக்கிறதாம். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி நட்ட முருங்கைப் போத்து மட்டும் அந்த வீட்டு மரத்தின் காயையே மாறாமல் தருகிறது. "என் மண்ணில் குறையா? மரத்தை வெட்டிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

மண்ணில் குறை எதுவும் இல்லை. நீங்கள் சாப்பிட்ட சதையும், உரித்த தோலும், கொட்டையின் கடினமான ஓடும் தாய்மரத்தின் சூலகத்திலிருந்து உண்டானவை. ஆகவே அவை தாய்மரத்தின் குணத்தையே காட்டும். ஓட்டுக்குள் இருக்கும் பருப்பின் கரு அப்படிப்பட்டதன்று. தாய்மரத்தின் சூலோடு எங்கிருந்தோ வந்த மகரந்தம் சேர்ந்து உண்டான புதிய உயிர் அது. மாம்பூக்களில் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஈக்களே கொண்டு சேர்க்கின்றன. அவை எந்த மரத்திலிருந்து வந்தன என்று நமக்குத் தெரிய வழியில்லை. மகரந்தம் இன்னதென்று தெரிந்திருந்தாலும் பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. புது தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் நீலம் என்ற மா இரகத்தைத் தாயாகவும் தசேரி என்ற இரகத்தைத் தந்தையாகவும் கொண்டு உருவாக்கப்பட்ட இரகம் மல்லிகா. தசேரியைத் தாயாகவும் நீலத்தைத் தந்தையாகவும் கொண்டு உருவாக்கப்பட்டது ஆம்ரபாலி. பெற்றோர் அதே இருவர்தாம். ஆனால் மல்லிகாவின் பழம் பெரியது, ஆம்ரபாலியின் பழம் சிறியது, மரமும் குட்டையானது. இவை இரண்டும் பல நாற்றுகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். உங்கள் தோட்டத்தில் முளைத்ததோ ஒரே ஒரு நாற்று.

முருங்கைப் போத்தில் மகரந்தத்திற்கும் சூலுக்கும் வேலையே இல்லை. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்திற்கு வெட்டி ஊன்றிய அந்தக் கிளையில் இருந்த திசுக்களே வேர்விட்டுத் துளிர்த்தன. பக்கத்து வீட்டு மரம்தான் உங்கள் வீட்டிலும் நிற்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. அதே முருங்கையின் விதையை ஊன்றியிருந்தால், காயின் நீளமும் சதைப்பற்றும் மாறிப்போக வாய்ப்பு உண்டு.

மாங்கிளையையும் போத்துபோல் ஊன்றினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். மாங்குச்சி எளிதில் வேர்விடாது. அதனால்தான் வேரை ஒரு செடியிடமிருந்தும் கிளையை இன்னொரு மரத்திடமிருந்தும் எடுக்கும் ஒட்டுமுறை வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கத்து நாற்றங்கால்களில் இதைப் பார்க்கலாம். கொட்டையை ஊன்றி முளைவந்து, இலைகள் இன்னும் செம்புநிறத்தில் இருக்கும் இரண்டு வார நாற்றின் தலையை வெட்டி, தண்டின் நடுவே கீழ்நோக்கிப் பிளக்கிறார்கள். விரும்பும் இரகத்தின் தாய்மரத்தில், சுமார் ஒரு வாரத்திற்கு முன்பே இலைகளைக் கிள்ளி மொட்டுப் பருக்கவிட்ட குச்சியை ஆப்புபோல் சீவி, அந்தப் பிளவில் செருகிப் பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டுகிறார்கள். பட்டைக்கு உட்புறம் உள்ள கேம்பியம் என்ற மெல்லிய அடுக்குதான் புதிய திசுக்களை உண்டாக்குவது; இரண்டு தண்டுகளின் கேம்பியமும் ஒரு பக்கத்திலாவது பொருந்தினால்தான் ஒட்டு பிடிக்கும். தென்னையில் இந்த அடுக்கே கிடையாது. ஆகவே ஒட்டுத்தென்னை என்று யாரேனும் விற்கவந்தால் நம்பிவிடாதீர்கள்.

ஒட்டு பிடித்தபின் மேற்பகுதி தாய்மரத்தின் பழத்தையே தரும். மூன்று நான்கு ஆண்டுகளில் காய்ப்பும் தொடங்கிவிடும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை மட்டும் உடனுக்குடன் கிள்ளிவிடவேண்டும், ஏனெனில் அவை வேர்ச்செடியைச் சேர்ந்தவை. வீட்டுத்தோட்டங்களில் 'ஒட்டுமாங்கன்று என்று ஏமாற்றிவிட்டார்கள்' என்ற புகார் பலமுறை இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

விதிவிலக்கு ஒன்றையும் சொல்லவேண்டும். வெள்ளைக்கொழும்பான், ஒலூர் போன்ற சில இரகங்களில் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் சூல்திசுவிலிருந்தே உண்டான கருக்கள். மகரந்தத்தின் கலப்பு அவற்றில் இல்லாததால், விதையில் வளர்ந்தும் தாயை உரித்துவைத்திருக்கும். எலுமிச்சை விதையிலும் இதே இயல்பு உண்டு. இமாம்பசந்து உள்ளிட்ட நம் பெரும்பாலான மேசைப்பழ இரகங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மரத்தை வெட்டவேண்டுமா என்றால், வேரோடு வெட்டவேண்டியதில்லை. எட்டு ஆண்டுகள் வளர்ந்த வேர் பெரிய சொத்து. முதன்மைக் கிளைகளை மட்டும் வெட்டி, வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவிவிடுங்கள். மரத்திற்கு உணவு தயாரிக்க ஒரு கிளையை இலைகளோடு விட்டுவையுங்கள். வெட்டிய இடங்களில் கொத்தாகத் துளிர்கள் வரும். அவற்றில் திடமான இரண்டு மூன்றை நிறுத்தி மற்றவற்றை நீக்கி, தண்டு சற்றுத் தடித்ததும் நல்ல இமாம்பசந்துக் குச்சியை அவற்றில் ஒட்டுக்கட்டச் செய்யுங்கள். ஒட்டுகள் தழைத்தபின், விட்டுவைத்த பழைய கிளையையும் எடுத்துவிடலாம்.