லபெட் தட்டில் பச்சை மிளகாய்: வயிறு புண்ணாகுமா?

வணக்கம். யாங்கோனில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறேன், பின்னால் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதோ லபெட் தட்டு, பர்மியத் தின்பண்டம். ஊறிய தேயிலை, வறுத்த பருப்பு, எள், ஓரத்தில் முழுப் பச்சை மிளகாய், பச்சைப் பூண்டு. மிளகாயில் கை வைத்தாலே வீட்டுப் பெரியவர்கள் "வயிறு புண்ணாகிடும்" என்பார்கள். அது சரிதானா என்று பார்ப்போம்.

மிளகாயில் இருக்கும் காப்சைசின், நரம்பு நுனியில் உள்ள டிஆர்பிவி1 என்ற ஏற்பியை, அதாவது உணர்வைப் பிடிக்கும் புரதத்தை, திறக்கிறது. 43 டிகிரி சூடு பட்டாலும் திறப்பது இதே ஏற்பிதான், அதனால்தான் காரம் நமக்குச் சூடாகத் தெரிகிறது. இதை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஏற்பி நாக்கோடு நிற்பதில்லை. இரைப்பைச் சுவரில் ஓடும் நரம்புகளிலும் இருக்கிறது. அங்கே காரம் பட்டதும் நரம்பு நுனியிலிருந்து சிஜிஆர்பி என்ற பொருள் கசியும். ரத்தக் குழாய்கள் விரியும். கூடுதலாக வரும் ரத்தம் பைகார்பனேட்டைக் கொண்டுவந்து, உள்ளே ஊடுருவும் அமிலத்தை முறிக்கும். எரிச்சலை உணரும் நரம்பேதான் காவலையும் கூப்பிடுகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

சிங்கப்பூரில் இதை மனிதர்களிடமே சோதித்து 1995இல் வெளியிட்டார்கள். நல்ல வயிறு உள்ள 18 பேர். ஒரு முறை வெறும் தண்ணீர், இன்னொரு முறை 20 கிராம் மிளகாயோடு தண்ணீர். அரை மணி நேரம் கழித்து, இரைப்பையைப் புண்ணாக்கக்கூடிய வலி மாத்திரையான ஆஸ்பிரின் 600 மில்லிகிராம். அப்புறம் எண்டோஸ்கோப்பி போட்டுப் பார்த்தால், மிளகாய் சாப்பிட்ட முறைதான் காயம் குறைவு. அதற்காக 20 கிராம் மிளகாயை யாரும் விழுங்கிப் பார்க்க வேண்டாம்.

ஆஸ்பிரின் ஏன் புண்ணாக்குகிறது? இரைப்பைக்குள் பிஎச் 1, 2 அளவுக்குக் கடும் அமிலம். சுவரைக் காப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சளிப்படலம். அதைச் சுரக்கத் தூண்டுவது ப்ராஸ்டாகிளாண்டின் என்ற, உடலே உருவாக்கும் பொருள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் அது உருவாவதையே தடுக்கின்றன. புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி.

முழங்கால் வலிக்கு இந்த மாத்திரைகளைத் தினமும் போட்டுக்கொண்டு, வயிறு எரிந்தால் மிளகாயைத் திட்டும் அத்தைமார்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அத்தை, டாக்டரிடம் மாத்திரைப் பேரைச் சொல்லுங்கள், வயிற்றுக்குப் பாதுகாப்பாக ஏதாவது சேர்த்துத் தர வேண்டுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே புண்ணோ நெஞ்செரிச்சலோ இருந்தால் காரம் வலியைக் கூட்டும், அப்போது குறைத்துக்கொள்ளுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.