வெறுந்தேத்தண்ணியும் வெற்றிடமும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘வாக்யூமுக்கு ஏற்ற சொல் வெற்றிடமா, வாக்யூமேதானா?’ என்பது தலைப்பு. நான் வெற்றிடத்தின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று குற்றச்சாட்டு வைத்தார். வெற்றிடம் என்றால் ஒன்றுமே இல்லாத இடம். எந்தப் பம்பியாலும் ஒன்றுமே இல்லாமல் ஆக்க முடியாது. ஆகவே சொல்லே பிழை என்றார். ‘ஆசிரியர் வெற்றிடங்கள்’ என்று பத்திரிகையில் வருகிறது. வேலைக்கும் பௌதிகத்துக்கும் ஒரே சொல் வைத்தால் குழப்பம் என்றார். வாக்யூம் கிளீனரை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டுக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போய் அமர்ந்தார். முதலாவதைக் கடைசிக்கு வைக்கிறேன். சரக்கு அதில்தான் இருக்கிறது.

இரண்டாவதை எடுப்போம். வேலைக்கும் குழாய்க்கும் ஒரே சொல்லாம், குழப்பமாம். அவர் கொண்டாடும் வாக்யூம் எங்கிருந்து வந்தது? இலத்தீனில் ‘வகுவுஸ்’ என்றால் வெறுமையான. அதன் அஃறிணை வடிவம் ‘வகுவும்’. வேலை வெற்றிடத்துக்கு ஆங்கிலம் சொல்லும் வேக்கன்சி அதே வேர். விடுமுறைக்குச் சொல்லும் வெக்கேஷன் அதே வேர். ஆட்களை அப்புறப்படுத்தும் இவக்குவேட் அதே வேர். ஏசி திருத்தும் கைநூல்களில் குழாயிலிருந்து வளியை எடுப்பதற்கும் அந்த இவக்குவேட்தான். வெள்ளம் வந்தால் வீட்டிலிருந்து ஆளை எடுப்பதும், குழாயிலிருந்து வளியை எடுப்பதும் அவர்களுக்கு ஒரே வினை. அங்கே யாரும் குழம்பவில்லை. நாம் மட்டும் குழம்புவோமா?

இந்தக் கொழும்பு நகரத்தின் மும்மொழி அறிவித்தலைப் பாருங்கள். சிங்களம் வேலைக்குப் ‘புரப்பாடு’ என்கிறது, பௌதிகத்துக்கு ‘ரிக்தய’ என்கிறது, இரண்டு சொல். தமிழ் இலத்தீனைப் போல ஒரே வேரில் இரண்டையும் கட்டி வைத்திருக்கிறது. அதுவும் இலங்கைத் தமிழ்தான் கட்டியது; தமிழ்நாட்டில் இதைக் ‘காலிப் பணியிடம்’ என்பார்கள். அந்தக் ‘காலி’யை இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்பவரிடம் கேளுங்கள். ‘சூனியம்’ என்ற சொல்லையும் ஒருவர் முன்மொழிந்தார். குளிரூட்டிக்குள் சூனியம் வைத்திருக்கிறோம் என்று எந்த வீட்டில் போய்ச் சொல்வது? அடுத்த நாள் தேசிக்காய் வெட்ட ஆள் வந்துவிடும்.

வாக்யூம் என்றே எழுதுவோம் என்பவர்களிடம் ஒரு சின்னக் கேள்வி. எப்படி எழுதுவது? வாக்யூமா, வக்கியூமா, வெக்கியூமா, வேக்குவமா? ஆங்கிலத்திலேயே அடுத்தடுத்து இரண்டு ‘யூ’ எழுத்து வரும் அபூர்வமான சொல் அது. பன்மைக்கு வாக்யூம்ஸ் என்பார் ஒருவர், இலத்தீன் முறைப்படி வாக்குவா என்பார் இன்னொருவர். வெற்றிடத்துக்கு ‘கள்’ சேர்த்தால் வேலை முடிந்தது.

மூன்றாவது, கிளீனர். இதில் நான் சண்டைக்கு வரவில்லை. ‘வெற்றிடத் துப்புரவாக்கி’ என்று மொழிபெயர்த்தவரை நானும் காப்பாற்ற மாட்டேன். ஆனால் பிழை தமிழில் இல்லை. பெயர் வைத்த இடத்தில் இருக்கிறது. 1901இல் இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் செய்த இயந்திரம் குதிரை இழுத்து வந்து தெருவில் நிற்கும். நீளக் குழாய்களை யன்னல் வழியே உள்ளே விடுவார்கள். 1908இல் அமெரிக்கர் ஜேம்ஸ் ஸ்பாங்லர் கையால் தள்ளும் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று வீட்டில் உள்ளதன் குழாய் வாயைக் கையால் முழுக்க அடைத்துப் பிடித்தாலும் உள்ளே அமுக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். மிச்சம் நாலு பங்கு வளி அங்கேயே இருக்கிறது. அது விசிறி வைத்து உறிஞ்சும் பெட்டி. ‘தூசுறிஞ்சி’ என்றால் உள்ளதைச் சொன்னதாகும்.

இப்போது முதலாவது. ‘வெற்றிடம் என்றால் ஒன்றுமே இல்லாத இடம்.’ நடுவர் அவர்களே, ‘வெறு’ என்ற வேர் தமிழில் ஒருநாளும் ஒன்றுமே இல்லை என்று சொன்னதில்லை. வெறுங்கால் என்றால் கால் இல்லையா? செருப்பு இல்லை. வெற்றுத்தாள் என்றால் எழுத்து இல்லை. மத்தியானம் கடையில் வெறுந்தேத்தண்ணி கேட்கிறோம்; கடைக்காரர் வெறும் கோப்பையையா நீட்டுகிறார்? சாயமும் இருக்கும், சீனியும் இருக்கும். பால் மட்டும் இல்லை. இருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்த்த ஒன்று இல்லாமல் இருப்பதுதான் ‘வெறு’.

புணர்ச்சியையும் பாருங்கள். வெறுமை கூட்டல் இடம். ஈறு போய் ‘வெறு’ நிற்கும். தன்னொற்று இரட்டி ‘வெற்று’ ஆகும். உகரம் கெட்டு இடத்தோடு சேர்ந்து வெற்றிடம். நன்னூல் 136ஆம் சூத்திரத்தில் இருக்கிற வழிதான். வெற்றிலையும் இதே வழியில் வந்தது என்பார்கள்: பூவுக்கோ காய்க்கோ அல்லாமல் வெறும் இலைக்காகவே வளர்க்கிற கொடி. எதிரணியில் ஒருவர் இதை ‘வெற்றி இடம்’ என்று பிரித்துச் சிரிக்க வைத்தார். அது வெற்றியிடம் என்று வரும் ஐயா. நடுவே யகர உடம்படுமெய். அந்த இடம் இன்றைக்கு உங்களுக்கு இல்லை.

ஒன்றுமே இல்லாத இடம் என்று சொல் கேட்கிறதென்றால் இலத்தீன் சொல்லும் அதையேதான் கேட்கிறது. 1643இல் டொரிசெல்லி ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் இரசத்தை, அதாவது பாதரசத்தை நிரப்பி, கிண்ணத்து இரசத்துக்குள் கவிழ்த்தார். இரசம் இறங்கி 76 சென்ரிமீற்றரில் நின்றது. மேலே உண்டான இடத்தை உலகமே வாக்யூம் என்றது. அங்கேயும் துளி இரச ஆவி இருந்தது. அதற்காக யாரும் சொல்லைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பிளாஸ்கை எடுங்கள். ஜேம்ஸ் டுவார் 1892இல் கண்ட அமைப்பு: இரட்டைக் கண்ணாடிச் சுவர், நடுவே வளியை எடுத்துவிட்டு மூடியது, சுவரில் வெள்ளிப் பூச்சு. உள்ளே இருக்கும் கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்தால் அடியில் சின்னக் காம்பு போல ஒரு கூர் தெரியும். வளியை எடுத்த பிறகு உருக்கி அடைத்த வாய் அது. அடி மெத்தை இல்லாமல் உறைக்குள் இறக்கினால் உடைவது அந்தக் கூர்தான். உடைந்ததா என்று பார்க்கக் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் தொடுங்கள். சுட்டால் நடுவே வளி புகுந்துவிட்டது. மூடியை மாற்றிப் பயனில்லை. வெறுந்தேத்தண்ணியைச் சூடாக வைத்திருப்பது வெற்றிடம்! பால் இல்லாத தேநீரை வளி இல்லாத சுவர் காக்கிறது. இரண்டிலும் ‘வெறு’வுக்கு ஒரே பொருள்.

எது இல்லை என்று கேட்க வைப்பதுதான் இந்தச் சொல்லின் பலம். ஏசி பொருத்தும் இடத்துக்கு வாருங்கள். செப்புக் குழாய் பூட்டியாயிற்று, பம்பியை மாட்டியாயிற்று. ஐந்து நிமிடத்தில் கேஜ் முள் கடைசிக் கோட்டில், கழித்தல் 76இல் போய் நிற்கும். ‘வாக்யூம் அடிச்சாச்சு’ என்று பம்பியை நிறுத்திக் கேஸைத் திறந்துவிடுகிறார்கள். அந்த முள் பொய் சொல்லவில்லை, ஆனால் அதன் கண் மங்கல். மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றர் இரச அமுக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நூற்றில் ஒரு பங்கு வளி மிச்சமிருந்தாலும் 7,600 மைக்ரோன். முள்ளின் தடிப்புக்குள் அது மறைந்துவிடும்.

எடுக்கவேண்டியது வளி மட்டுமா? இந்த ஊர்க் காற்றின் ஈரமும் குழாய்க்குள் இருக்கிறது. 30 பாகையில் தண்ணீர் கொதிக்க அமுக்கம் 32 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கினாலும் ஈரம் முழுதும் ஆவியாகி வெளியேற நேரம் வேண்டும். விட்டுவைத்த ஈரம் கொம்பிரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். ஒடுங்கிய வழியில் உறைந்து அடைக்கும். பம்பியின் எண்ணெய்க் கண்ணாடியைப் பாருங்கள்: எண்ணெய் தேங்காய்ப்பால் போல வெளுத்திருந்தால் ஈரம் அதில் கலந்திருக்கிறது. அந்த எண்ணெயை மாற்றாமல் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் அமுக்கம் கீழே போகாது.

ஒழுங்கான வேலை இப்படி: மைக்ரோன் கேஜ் மாட்டி 500க்குக் கீழே இறக்குவது, வால்வை மூடிப் பம்பியை நிறுத்துவது, பத்துப் பதினைந்து நிமிடம் பார்ப்பது. அசையாமல் நின்றால் சரி. ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஈரம். நிற்காமல் ஏறினால் எங்கோ ஒழுக்கு. நட்டை இறுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். 500 மைக்ரோன் என்றாலும் வளிமண்டல அமுக்கத்தில் ஆயிரத்து ஐந்நூற்றில் ஒரு பங்கு மிச்சம். தமிழ்ச் சொல்லுக்கு அது இடைஞ்சல் இல்லை. இடம் இருக்கிறது, இருக்கக்கூடாதது போதிய அளவு போய்விட்டது, அதுதான் வெற்றிடம். ‘அடிச்சாச்சு’ என்று முடித்துவிடும் வாக்யூமுக்குப் பின்னால் எது போயிற்று என்ற கேள்வியே எழுவதில்லை.

எதிரணி நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் வீட்டு ஏசி வேலை முடிந்ததும் பில்லில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: ‘வெற்றிடம்: 480 மைக்ரோன், 15 நிமிடம் நின்றது.’ எழுதித் தந்தால் காசைக் கொடுங்கள். ‘வாக்யூம் பண்ணினது’ என்று மட்டும் எழுதினால், பம்பியைத் திரும்பவும் மாட்டச் சொல்லுங்கள்.

மணி கேட்டுவிட்டது. நன்றி, வணக்கம்.