தலைகுந்தா உறைபனியும் 50 ரூபாய் ரெயின்கோட் உறையும்

வணக்கம் நண்பர்களே. குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊட்டி பக்கத்துத் தலைகுந்தாவில் உறைபனி பார்க்க பைக்கில் போய்விட்டு, நேற்று இரவுதான் கோவை வந்து சேர்ந்தேன். எடிட் செய்து முடிக்கும்வரை காத்திருக்க மனசு கேட்கவில்லை, இப்படியே உட்கார்ந்து பேசிவிடுகிறேன்.

முதலில் இந்தக் கையுறையைப் பாருங்கள். 1,850 ரூபாய். நம் சேனல் விதி உங்களுக்குத் தெரியும், குளிருக்கென்று மொத்தமாக 500 ரூபாயைத் தாண்டக் கூடாது. போன வீடியோவுக்கு அடியில் அத்தனை பேர் "அண்ணா, கைக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீங்க" என்று எழுதியிருந்தீர்கள். சரி என்று ஆன்லைனில் வாங்கினேன். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது! என் ஸ்ப்ளெண்டருக்கு அந்தக் காசில் ஒரு டயரே மாற்றியிருக்கலாம்.

முந்தின நாள் மதியமே குன்னூர் ஏறி, நண்பன் வீட்டில் தங்கிவிட்டேன். காலை 5 மணிக்குக் கிளம்பினேன். வெலிங்டன் தாண்டி அருவங்காடு வருவதற்குள் விரல் நுனி பத்தும் மரத்துவிட்டது. கிளட்சைப் பிடித்திருக்கிறேனா விட்டிருக்கிறேனா என்றே தெரியவில்லை. மலைப்பாதையில் இதைவிட ஆபத்து வேறு இல்லை, உடனே ஓரங்கட்டினேன். காமிராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், இந்த விரல் இடுக்கில் தையலைப் பாருங்கள். நகத்தால் தள்ளினாலே வெளிச்சம் தெரிகிறது. உள்ளே பஞ்சை அடைத்துவிட்டுக் காற்றுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அளவும் இறுக்கம். கை இறுகினால் ரத்தம் விரல் நுனிக்குப் போகாது, அப்புறம் எவ்வளவு பஞ்சு இருந்து என்ன பயன்? இன்று காலை திருப்பிக் கொடுக்கக் கேட்டால், பயன்படுத்திய பொருளாம், எடுக்க மாட்டார்களாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நல்ல வேளை, பையில் என் பழைய ஏற்பாடு இருந்தது. மெல்லிய கம்பளிக் கையுறை, அதற்கு மேலே பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. ரப்பர் 110 ரூபாய், நம் கைக்கு ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். ரப்பரை உள்ளே போட்டுக் கம்பளியை வெளியே போடாதீர்கள், வியர்வை தோலிலேயே தங்கிக் கை சில்லிட்டுப் போகும். மாற்றிப் போட்டுக் கேத்தி வருவதற்குள் விரல்களுக்கு உயிர் வந்துவிட்டது. அங்கே ஒரு டீ, இரண்டு வர்க்கி. குளிரில் ஊட்டி வர்க்கியை டீயில் முக்கிச் சாப்பிடுவதற்கு ஈடாக எனக்கு எதுவும் கிடையாது.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. ரப்பர் கையுறையோடு இன்ஜினைத் தொடாதீர்கள். டீக்கடையில் சூடு காட்டலாம் என்று கையை வைத்தேன், ஆட்காட்டி விரல் நுனி உருகிப் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதோ பாருங்கள், இந்த ஓட்டை.

ஏன் காற்றையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றால், கணக்கு அப்படி. 5 டிகிரி குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது மைனஸ் 1 மாதிரி இருக்கும். மேலே ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குறையும். ஊட்டி 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் சட்டை போதும் என்று நினைத்து ஏறினால் மேலே 12 டிகிரி குறைவாக இருக்கும். அதனால் முதலில் நெஞ்சு. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தை உடம்பே குறைத்துவிடும். பழைய செய்தித்தாள் நான்கு தாளை மடித்துச் சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே, கழுத்திலிருந்து வயிறு வரை வையுங்கள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் வீரர்கள் மலை இறங்கும்போது இதைத்தான் செய்தார்கள். செலவு பூஜ்யம். உள்ளே திருப்பூர் காதர்பேட்டையில் எடுத்த தெர்மல், மேலும் கீழும் சேர்த்து 220. தலைக்கு 80 ரூபாய் முகமூடி. குரங்குக் குல்லாவை ஹெல்மெட்டுக்குள் போடாதீர்கள், ஹெல்மெட் சரியாக உட்காராது. கழுத்துத் துண்டின் முனைகளை ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுங்கள், பறந்து செயினில் மாட்டினால் கதை வேறு.

இப்போது காலுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்த வீடியோவே. ஏற்காடு வீடியோவில் சாக்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் பையை மாட்டச் சொன்னேன் இல்லையா, அதை நீலகிரிக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே பிளாஸ்டிக் பைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை, செக்போஸ்ட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தடை சரிதான், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் காலுக்கு என்ன செய்வது? இரண்டு நாள் யோசித்தேன். வீட்டில் கிழிந்த ரெயின்கோட் பேன்ட் ஒன்று கிடந்தது. தெருமுனை டெய்லர் அக்காவிடம் கொண்டுபோய், பாதம் முதல் முழங்கால்வரை உறை மாதிரி வேண்டும் என்றேன். "என்னங்க தம்பி இது, கோழிக்குக் கவுனா?" என்று சிரித்தார். 80 ரூபாய் கேட்டார். 40 என்றேன். நூல் அறுந்துபோகிற துணி, ஊசி மாற்ற வேண்டும் என்றார். நியாயம்தான், 50-க்கு முடிந்தது. மேலே எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தார், அது நான் கேட்காதது. அவராக யோசித்து வைத்தார்! சாக்ஸ், அதன் மேல் உறை, அதன் மேல் ஷூ. ஷூ கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். 50 ரூபாய், நண்பர்களே.

தலைகுந்தா புல்வெளியில் போய் நின்றபோது மணி 6:20. மேகமில்லாத, காற்றில்லாத இரவென்றால் பள்ளமான புல்தரையில்தான் பனி உறையும். உப்பைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. நிறுத்தியிருந்த ஒரு காரின் கண்ணாடியில் படிந்த பனியை நகத்தால் சுரண்டினேன், பொடிப்பொடியாக உதிர்ந்தது. பக்கத்தில் இரண்டு பையன்கள் பெரிய வண்டியில் வந்து காலைத் தரையில் உதைத்துக்கொண்டு நின்றார்கள். என் கால் விரல்கள் பத்தும் தனித்தனியாக எனக்குத் தெரிந்தன. ஷூவைக் கழற்றி உறையைக் காட்டினேன், இருவரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

வண்டியைப் பற்றிச் சொல்லவில்லையே. குன்னூரில் சோக் இழுத்து மூன்றாவது உதையில் எழுந்துவிட்டது. இரண்டு நிமிடம் ஓடவிட்டுத்தான் கிளம்பினேன். அப்புறம் ஈ-பாஸ். நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு அது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு வேண்டும், வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆக தெர்மல் 220, ரப்பர் 110, முகமூடி 80, உறை 50, மொத்தம் 460. அந்த 1,850-ஐ நான் இதில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டேன். ரெயின்கோட்டில் இன்னும் முழங்கால் பகுதி மிச்சம் இருக்கிறது. அதில் கம்பளித் துணி வைத்து முழங்கால் உறை தைக்கலாமா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். காமிராவோடு போகிறேன்.