கால்பந்து அணிக்கு ஏன் குஸ்திக் கூடத்தின் பெயர்?

வணக்கம் மக்களே! கோலாப்பூர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? செருப்பும் மகாலட்சுமி கோயிலும்தான். ஆனால் அந்த மராட்டிய ஊருக்குக் கால்பந்து என்றால் உயிர். அணிகளின் பெயரைக் கேளுங்கள்: தில்பகார் தாலீம், கண்டோபா தாலீம், பாலகோபால் தாலீம். தாலீம் என்றால் அங்கே குஸ்தி பழகும் கூடம். பந்து உதைக்கிற பையன்களுக்கு ஏன் இந்தப் பெயர்?

முன்கதையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கோலாப்பூரை ஆண்ட சாகு மகாராஜா 1902இல் ஐரோப்பா போனார். ரோமின் கொலோசியம் மனதில் தங்கிவிட்டது. 1912இல் காஸ்பாக் மைதானம் தயார். நடுவில் குஸ்திக் குழி, சுற்றிலும் படிப்படியாக உயரும் வட்டம். எங்கே உட்கார்ந்தாலும் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது.

சரி, இப்போது மண்ணுக்கு வருவோம். இந்த வீடியோவே அதற்காகத்தான்.

[திரையில்: செம்மண் குழி, மிக அருகில்]

செம்மண்ணில் மஞ்சள், எண்ணெய், எலுமிச்சைச் சாறு, மோர் எல்லாம் ஊற்றிக் கலப்பார்கள். ஊறுகாய் போடுகிற பக்குவம்! மஞ்சள் சிராய்ப்புக்கு. எண்ணெயும் மோரும் மண்ணை மெத்தென்று வைக்கும். பயில்வான்களே மண்வெட்டி பிடித்துக் கொத்திக் கிளறுவார்கள், அதுவும் பயிற்சிதான். எனக்கு ரொம்பப் பிடித்தது எது தெரியுமா? மோதுவதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்து எதிராளியின் உடம்பில் பூசுவார்கள், வேர்வையில் பிடி வழுக்காமல் இருக்க. அவரும் நமக்குப் பூசுவார். நீ என்னைப் பிடி, நான் உன்னைப் பிடிக்கிறேன் என்று பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

அப்புறம் 'நிகாலி குஸ்தி'. புள்ளிக் கணக்கே கிடையாது. ஒருவர் முதுகு மண்ணில் படும்வரை ஆட்டம் ஓடும். ஒலிம்பிக்கில் மெத்தை, மூன்று மூன்று நிமிடமாக ஆறே நிமிடம். இரண்டும் ஒரே விளையாட்டு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது? கமெண்டில் சண்டைக்கு வாருங்கள்.

[திரையில்: காசாபா ஜாதவ் படம்]

மண்ணில் பழகிய இவர் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மெத்தையில் இறங்கி ஆறாவது வந்தார். 1952 ஹெல்சிங்கிக்குப் போகப் பணம் இல்லை. அவர் படித்த ராஜாராம் கல்லூரியின் முதல்வர் தன் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் வெண்கலத்தோடு திரும்பினார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம்! வந்ததும் குஸ்திப் போட்டி நடத்தி, அந்த வசூலில் கடனை அடைத்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். தாலீம்தான் அந்தத் தெருவின் முகவரி. குஸ்தி, பண்டிகை, வம்பு வழக்கு எல்லாம் அங்கேதான். நகரத்துப் பையன்கள் பந்தின் பக்கம் போனபோது தெருவின் பெயரையும் சட்டையில் போட்டுக்கொண்டு போனார்கள். குழியில் இன்று இறங்குகிறவர்களில் நிறையப் பேர் சுற்றுக் கிராமத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள். கங்காவேஷ், மோதிபாக் போன்ற தாலீம்கள் அவர்களால்தான் உயிரோடு இருக்கின்றன.

2024 ஆகஸ்டில் காஸ்பாக்கை ஒட்டியிருக்கும் கேசவராவ் போசலே நாடக அரங்கம் தீயில் எரிந்தது. அதுவும் சாகு காலத்துக் கட்டடம். அந்தப் படங்களைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கோயிலிலிருந்து காஸ்பாக் நடக்கிற தூரம்தான். செருப்பு வாங்கின கையோடு ஒரு எட்டு போய், மேல்படியில் உட்கார்ந்து அந்தக் குழியைப் பாருங்கள்.