வங்கி ஊழியர் எழுதிய லட்டுப் பாட்டு

வணக்கம், நேயர்களே. கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பாடம் சொன்னவள் நான். அந்த வகுப்பில் எனக்குப் பெருந்துணையாக இருந்தவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா. அவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் இராயவரத்தில் 1922 நவம்பர் 7ஆம் நாள் பிறந்தார். சென்னையில் சக்தி இதழின் அலுவலகத்தில் சிறிது காலம் இருந்துவிட்டு, 1941இல் இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1982இல் ஓய்வு பெறும்வரை பகலெல்லாம் வங்கிக் கணக்கு. மிச்ச நேரமெல்லாம் பிள்ளைகளுக்கு. 1944இல் 23 பாடல்களுடன் ‘மலரும் உள்ளம்’ வெளிவந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைத்து, பிறரையும் பிள்ளைகளுக்காக எழுத வைத்தார். இதை நான் அவருடைய பாடல்களுக்குச் சமமாக மதிக்கிறேன்.

ஆனால் பாட்டுக்கு வருவோம். தட்டில் எட்டு லட்டு. கிட்டுவுக்குப் பாதி, தங்கை பட்டுவுக்குப் பாதி. கடைசியில் காலித் தட்டு. அவ்வளவுதான் கதை! அறிவுரை இல்லை, அதட்டல் இல்லை. பாதி என்றால் என்ன என்ற கணக்கு மட்டும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது. அடிக்கு அடி ‘ட்டு’ என்று முடிகிறதே, அதன் அருமை நம் நாட்டு ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் ஆங்கிலமும் பாலர் பள்ளியில் மலாயும் முதலில் பழகிய பிள்ளைக்கு நம் டகரம் எளிதில் வராது. நாக்கை மடித்துச் சொல் என்று விளக்கினால் விழிக்கும். இந்தப் பாட்டைக் கைதட்டிப் பாடவிட்டால், பிள்ளை தானாகவே நாக்கை மடிக்கும்.

நம் மண்ணிலும் முரசு நெடுமாறன் போன்றவர்கள் பிள்ளைகளுக்காகப் பாடியிருக்கிறார்கள். அவற்றையும் சேர்த்துப் பாட வேண்டும். என் மனக்குறை வேறு: பாட்டு முடியும் முன்பே பயிற்சித்தாளைக் கொடுத்துவிடுகிறோம். லட்டு எத்தனை, தின்றவர் யார் என்று கேட்டால் பாட்டு அங்கேயே செத்துவிடுகிறது.

1989 மார்ச் 16ஆம் நாள் வள்ளியப்பா மறைந்தார். குழந்தை இலக்கியம் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. இங்கே ஆசிரியர் பயிற்சிக்கு வரும் இளையோருக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இன்னும் சிறியது: பிள்ளைப் பாட்டு இருபதையாவது மனப்பாடம் செய்துகொண்டு வகுப்புக்குள் நுழையுங்கள். குரல் இனிமையாக இல்லையே என்று கூச வேண்டாம்; பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. நன்றி, வணக்கம்.