மூண்டு வரி திருத்தினா நானூறு வரி ஏன் சிவக்குது?

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மட்டக்களப்புல இருந்து அடுத்த வீடியோ. வந்தாறுமூலை, ஒலுவில் கம்பஸ் தம்பி தங்கச்சிமார் கட்டாயம் பாருங்க. ஓபன் சோர்ஸ், அதாவது கோடை எல்லாரும் பாக்கவும் திருத்தவும் ஏலுமான புரொஜெக்டுக்கு, கிட் (கோட் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கருவி) வழியா கோட் அனுப்புறதைப் பத்தித்தான் இண்டைக்குக் கதைக்கப் போறம்.

ஒரு பிழையை வச்சே போவம். ஸ்கிரீனைப் பாருங்க, பைத்தன்ல எழுதின ஊர் தேடல். 'கொக்கட்டிச்சோலை' எண்டு அடிக்கிறன். பட்டியல்ல பேர் கிடக்கு, ஆனா 'ஒண்டும் இல்லை' எண்டு வருது. அடிச்ச சொல்லுக்கும் பட்டியல் பேருக்கும் லென் போட்டு நீளத்தைப் பாப்பம். ஒண்டு 15, மற்றது 17. விளங்குதா? 'கொ'வுல வாற குறியை யூனிகோட்ல (எழுத்துக்களுக்கு எண் குடுக்கிற முறை) ஒரே எழுத்துருவாவும் வைக்கலாம், கொம்பு வேற கால் வேற எண்டு ரெண்டாவும் வைக்கலாம். 'சோ'வும் அப்படித்தான். கண்ணுக்கு ஒரே சொல், கொம்பியூட்டருக்கு ரெண்டு சொல்.

இது சில்லறைப் பிழை இல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில எழுதத் தொடங்கின சஹானா எண்ட அனர்த்த நிவாரண மென்பொருளும் ஓபன் சோர்ஸ்தான், காணாமப் போன ஆக்களைத் தேடுறதும் அதுல ஒரு பகுதி. அப்படியான இடத்துல பேர் பொருந்தாட்டி என்னாகும் எண்டு கல்முனைப் பக்கம் யாருக்கும் விளக்கத் தேவையில்ல.

மருந்து லேசு. பைத்தனோட வாற யூனிகோட்டேட்டா மொடியூல்ல நோர்மலைஸ் இருக்கு, என்எஃப்சி எண்டு குடுத்தாக் காணும், பிரிஞ்ச குறி ஒண்டாச் சேரும். ஆனா அடிக்கிற சொல்லுக்கு மட்டும் போடாதீங்க. சேமிச்சு வச்ச பேருக்கும் போடணும், இல்லாட்டி பாதிப் பேர் அப்பவும் சிக்காது.

கோடைத் தொட முதல், எப்படி அனுப்பணும் எண்டு புரொஜெக்ட் எழுதி வச்ச கான்ட்ரிபியூட்டிங் ஃபைலை வாசிங்க. பிழைகளைப் பதியிற இஷ்யூ பட்டியல்ல வேற யாரும் இதைக் கையில எடுத்திருக்காங்களா பாருங்க. மறுகா ஃபோர்க் (புரொஜெக்டோட பிரதியை உங்கட கணக்குல எடுக்கிறது), குளோன் (அதைக் கொம்பியூட்டருக்கு இறக்கிறது). டேட்டா கார்ட்ல இறக்குற ஆக்கள் டெப்த் 1 போடுவாங்க. அதுல பழைய வரலாறு வராது, ஒரு வரியை யார் ஏன் எழுதினது எண்டு பிளேம்ல தேட ஏலாது. அதுக்குப் பதிலா குளோனோட ஃபில்டர்ல பிளாப் நன் போடுங்க. கொமிட் (பதிஞ்ச மாற்றம்) வரலாறு முழுசா வரும், பழைய ஃபைல் உள்ளடக்கம் தேவைப்படக்குள்ள மட்டும் இறங்கும்.

மெயின்ல, அதாவது புரொஜெக்டோட பிரதான கிளையில, வேலை செய்யாதீங்க, தனி பிராஞ்ச் (கிளை) ஒண்டு திறங்க. முதல்ல டெஸ்டை எழுதுங்க: 17 நீளமுள்ள சொல்லை வச்சு 15 நீளமுள்ளதைத் தேடுற டெஸ்ட். திருத்த முதல் அது விழணும் (ஃபெயில் ஆகணும்). விழாத டெஸ்ட் பிழையைப் பிடிக்கல்ல எண்டு அர்த்தம். திருத்தினாப் பிறகுதான் பாஸ் ஆகணும்.

இனி தலைப்புக்கு வாறன். திருத்தினது மூண்டு வரி, பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் காட்டுற டிஃப்ல நானூறு வரி சிவப்பும் (அழிஞ்சது) பச்சையுமா (சேர்ந்தது) நிக்குது. ரெண்டு காரணம். ஒண்டு, விண்டோஸ் எடிட்டர் கண்ணுக்குத் தெரியாத வரி முடிவுக் குறியை எல்எஃப்ல இருந்து சிஆர்எல்எஃப்க்கு மாத்திப் போட்டிருக்கும். மற்றது, சேவ் பண்ணக்குள்ள ஃபோர்மேட்டர் தானா ஓடி முழு ஃபைலையும் அடுக்கியிருக்கும். பாக்கிற ஆளுக்கு உங்கட மூண்டு வரியைக் கண்டுபிடிக்கிறதே பெரிய சோலி, மூடிட்டுப் போயிருவார். கொமிட்டுக்கு முதல் டிஃப் ஸ்டாட் போட்டு எண்ணிக்கையைப் பாருங்க. கூடவா இருந்தா ஆட் மைனஸ் பி போட்டு உங்கட துண்டை மட்டும் பொறுக்கி எடுங்க, சிஆர்எல்எஃப் எண்டா முதல்ல எடிட்டர்ல எல்எஃப்க்குத் திருப்புங்க. போற போக்குல வேற பேரை மாத்துறது, இடைவெளி திருத்துறதெல்லாம் வேற புல் ரிக்குவெஸ்ட்ல (மாற்றத்தைச் சேர்க்கக் கேக்கிற விண்ணப்பம்) போகணும்.

கொமிட் தலைப்பு ஐம்பது எழுத்துக்குள்ள, ஒரு வெற்று வரி, பிறகு ஏன் மாத்தினது எண்டு. 15, 17 கணக்கை அங்க எழுதுங்க. சில புரொஜெக்ட் சைன்ட் ஓஃப் வரி கேக்கும். இந்தக் கோடை அனுப்ப எனக்கு உரிமை இருக்கு எண்டு நீங்க குடுக்கிற வாக்கு அது, லினக்ஸ்ல 2004ல வந்த வழக்கம். கொமிட்டோட மைனஸ் எஸ் போட்டாச் சரி. மறந்தா அமெண்ட் போட்டுக் கடைசிக் கொமிட்டைத் திருத்துங்க.

ரிவியூல திருத்தம் கேட்டா அதே பிராஞ்ச்ல போடுங்க, புது ரிக்குவெஸ்ட் திறக்காதீங்க, பழைய கதையெல்லாம் துண்டு துண்டாப் போயிரும். மெயின் முன்னுக்குப் போயிருந்தா அப்ஸ்ட்ரீமை (மூலப் புரொஜெக்டை) ஃபெட்ச் பண்ணி ரீபேஸ், அதாவது உங்கட கொமிட்டுகளைப் புது மெயினுக்கு மேல அடுக்குங்க. திருப்பித் தள்ளக்குள்ள (புஷ் பண்ணக்குள்ள) வெறும் ஃபோர்ஸ் வேணாம், ஃபோர்ஸ் வித் லீஸ் போடுங்க. பராமரிக்கிற ஆள் உங்கட பிராஞ்ச்ல ஏதும் சேர்த்திருந்தா அது அழியாம, புஷ் அங்கயே நிண்டுரும்.